நரம்பு, கொதிப்பு, அடைப்பு: மூலிகைச் சாறு ரத்தக் குழாயில் என்ன செய்கிறது?

போன மாதம் சுங்கை சிப்புட் இரவுச் சந்தையில், காய்ந்த இலைகளைக் கட்டுக் கட்டாக விற்பவரின் கடைமுன் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா பூனை மீசை இலைக் கட்டைத் தூக்கிக் காட்டி, "இது எதுக்குண்ணே?" என்று கேட்டார். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "நரம்புல அடைப்பு இருந்தா கரைச்சிடும்மா. ரத்தக் கொதிப்பும் இறங்கிடும். இயற்கைதானே, ஒண்ணும் செய்யாது."

ஒன்றும் செய்யாது என்றால் கொதிப்பை எப்படி இறக்கும்? கொதிப்பை இறக்கும் என்றால் அது உடம்புக்குள் போய் ஏதோ செய்கிறது என்றுதானே பொருள்? அந்த அம்மா 2 கட்டு வாங்கிக்கொண்டு போனார். பையில் அரசாங்க கிளினிக்கின் மருந்துப் பொட்டலமும் இருந்தது. அந்தப் பொட்டலத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதே மாதிரி பொட்டலங்களை எடுத்துக் கொடுக்கும் கவுண்டரில்தான் 20 வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தேன்.

மலேசியாவில் பெரியவர்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு உயர் ரத்த அழுத்தம். எங்கள் ஊரில் பிரஷர் மாத்திரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கஷாயம் வைக்காத வீடும் அப்படித்தான். ஒரே வயிற்றுக்குள் இரண்டும் போகின்றன. போனபின் என்ன நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நம் சொற்கள்

பாதிக் குழப்பம் நாம் புழங்கும் சொற்களிலேயே இருக்கிறது. "நரம்பில் ஊசி போட்டார்கள்" என்கிறோம். ஊசி உண்மையில் போனது ரத்தக் குழாய்க்குள். நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் கம்பி, அதற்குள் ரத்தம் ஓடாது. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்க்குத் தமனி என்று பெயர். திரும்பக் கொண்டுவருவது சிரை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் தமனியைப் பற்றியது.

அடுத்தது கொதிப்பு. பிரஷர் உள்ளவரின் ரத்தமும் இல்லாதவரின் ரத்தமும் ஏறக்குறைய ஒரே 37 டிகிரிதான். ஏதும் கொதிப்பதில்லை. ஆனால் கொதிப்பு என்று சொல்லிப் பழகிவிட்டதால், குளிர்ச்சியானது எதையாவது கொடுத்தால் அடங்கிவிடும் என்று மனம் தானாகப் போகிறது. இளநீர், வெள்ளரிக்காய், ஊறவைத்த வெந்தயம் என்று ஒரு வரிசை. கூடியிருப்பது சூடு அல்ல. ஓடும் ரத்தம் குழாயின் சுவரைத் தள்ளும் விசை கூடியிருக்கிறது. அதைத்தான் ரத்த அழுத்தம் என்கிறோம்.

அடைப்பு என்ற சொல்தான் அதிகக் கெடுதல் செய்கிறது என்பது என் எண்ணம். அதைக் கேட்டதும் சமையலறைத் தொட்டியின் பைப்பில் அழுக்குச் சேர்ந்தது போல ஒரு படம் வருகிறது. அப்படியானால் எதையாவது ஊற்றிக் கழுவிவிடலாம் அல்லவா? தமனியில் கொழுப்பு படிவது அப்படி இல்லை. பழைய லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு இது தெரியும்: சுவரில் ஓதம் ஏறினால் சுண்ணாம்புக்குப் பின்னால் உப்பிக்கொண்டு வரும். மேல்பூச்சு அப்படியே இருக்கும், உள்ளே புடைத்திருக்கும். தமனியிலும் கொழுப்பு சேர்வது சுவரின் மேல் அல்ல, சுவருக்குள்ளே, உள்பூச்சுக்குப் பின்னால். எந்த இலைச்சாறும் போகிற போக்கில் அதைக் கரைத்து அடித்துக்கொண்டு போக வழியே இல்லை. மூலிகைச் சாறு ரத்தக் குழாயில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்மையாகவே உண்டு. ஆனால் அது கழுவும் வேலை இல்லை.

பால்மரம் தெரிந்தவர்களுக்கு

என் அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வெயில் ஏறிட்டா பால் இறங்காது" என்பார். அதே மரம், அதே கத்தி, அதே சாய்வு வெட்டு. விடியலில் கோப்பை நிறையும், பகலில் சொட்டிச் சொட்டி நின்றுவிடும்.

காரணம் எளிது. மரப்பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் உயிருள்ளவை. இரவு முழுக்க மரம் நீரைப் பிடித்துவைப்பதால் விடியலில் அவற்றுக்குள் அழுத்தம் மிகுதியாக இருக்கும். வெயில் ஏறி இலைகள் வழியே நீர் ஆவியாகத் தொடங்கினால் அந்த அழுத்தம் இறங்கிவிடும். எவ்வளவு பால் வரும் என்பதை வெட்டு மட்டும் முடிவு செய்வதில்லை, மரத்தின் அப்போதைய நிலையும் முடிவு செய்கிறது.

நம் தமனியும் அப்படித்தான், உயிருள்ளது. தோட்டத்துத் தண்ணிக் குழாயைப் போல ஒரே அகலத்தில் நிற்பதில்லை. நீங்கள் எழுந்து நிற்கும்போது, குளிரில் நடுங்கும்போது, சாப்பிட்டு முடிக்கும்போது, யாரோ கதவைப் படாரென்று சாத்தும்போது என்று நாள் முழுக்கச் சுருங்கியும் விரிந்தும் கொண்டே இருக்கிறது. பால்மர உவமை இதற்குமேல் நீளாது, ஏனென்றால் மரத்தின் குழாயில் தசை கிடையாது. நம்முடையதில் உண்டு.

சுருக்குப் பையின் கயிறு

தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளியே ஒரு உறை. நடுவே தசை. உள்ளே, ரத்தத்தைத் தொட்டுக்கொண்டு, ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு மெல்லிய விரிப்பு. அதை உட்படலம் என்று வைத்துக்கொள்வோம்.

நடு அடுக்கில் உள்ள தசையைப் புரிந்துகொள்ள ஆயாவின் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைச் சுற்றி ஓடும் கயிற்றை இழுத்தால் பை மூடும், விட்டால் திறக்கும். தமனியின் தசையும் குழாயைச் சுற்றிச் சுற்றி அப்படித்தான் ஓடுகிறது. இறுகினால் உள்வழி குறுகும், தளர்ந்தால் அகலும். இந்த வேலை மிகவும் நடப்பது பெரிய தமனிகளில் அல்ல. அவை கிளை பிரிந்து பிரிந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்கு மெலிந்து போகும் சிறுதமனிகளில்தான். உடம்பின் ரத்த அழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கும் மடை அவைதான்.

கொஞ்சம் இறுகினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். குழாய்க்குள் ஓடும் திரவத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உள்வழியின் அகலம் மாறினால் ஓட்டம் அதே அளவில் மாறாது, அதை நான்கு முறை பெருக்கிய அளவில் மாறும். அகலம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. 2-ஐ நான்கு முறை பெருக்கினால் 16 அல்லவா, அதனால் 16-இல் ஒரு பங்காகிறது. அகலம் 10 விழுக்காடு கூடினால் 1.1-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், 1.46 வரும். அதாவது ஓட்டம் ஏறக்குறைய 46 விழுக்காடு கூடுகிறது, தள்ளும் விசை அதேதான் என்றால். இந்தக் கணக்கை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, தாளில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

ஆக, தமனி என்பது தசை சுற்றிய உயிருள்ள குழாய். அந்தத் தசை கொஞ்சமே தளர்ந்தாலும் அழுத்தம் நன்றாக இறங்கும், கொஞ்சமே இறுகினாலும் நன்றாக ஏறும். செடியோ மாத்திரையோ, ரத்தக் குழாயை விரிக்கும் எதுவும் கடைசியில் தொடுவது இந்தக் கயிற்றைத்தான்.

கயிற்றை இழுப்பது யார்?

உட்படலத்தை நீண்ட காலம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. சும்மா ஒரு விரிப்பு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்கள். அதை மாற்றியவர் நியூயார்க்கின் புரூக்ளினில் வேலை செய்த ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெரிய தமனியிலிருந்து துண்டுகளை வெட்டி, ஒரு மருந்தைப் போட்டுச் சுருங்குகிறதா விரிகிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. அசிட்டைல்கோலின் என்ற ஒரே பொருளைப் போட்டால் சில துண்டுகள் விரிந்தன, சில விரியவில்லை. ஏன் இப்படி?

விடை கை வேலையில் இருந்தது. துண்டைத் தயார் செய்யும்போது உட்புறம் எங்காவது உரசிவிட்டால் உட்படலம் தேய்ந்து போய்விடுகிறது. தேய்ந்த துண்டுகள் விரியவில்லை, தேயாதவை விரிந்தன. அப்படியென்றால் விரியச் சொல்லும் செய்தி தசையிலிருந்து வரவில்லை, அந்த மெல்லிய விரிப்பிலிருந்து வருகிறது. இதை அவர் 1980-இல் வெளியிட்டார். செய்தி கொண்டுபோகும் பொருள் எது என்று தேடிப் போனதில் அது ஒரு வாயு என்று தெரிந்தது: நைட்ரிக் ஆக்சைடு. உட்படலம் அதைச் சுரக்கிறது, அது பக்கத்துத் தசைக்குள் நுழைந்து 'விடு' என்று சொல்கிறது, சில நொடிகளில் மறைந்துவிடுகிறது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கிற சின்ன மாத்திரை இருக்கிறதே, அதில் இருப்பது நைட்ரோகிளிசரின். உடம்புக்குள் அது கொடுப்பதும் இந்த நைட்ரிக் ஆக்சைடைத்தான். டைனமைட் செய்ய ஆல்ஃபிரட் நோபல் பயன்படுத்திய அதே பொருள். கடைசிக் காலத்தில் அவருடைய நெஞ்சுவலிக்கும் மருத்துவர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

'விடு' என்பதற்கு நைட்ரிக் ஆக்சைடு. 'இழு' என்பதற்கு? தசை சுருங்க வேண்டுமென்றால் அதற்குள் கால்சியம் நுழைய வேண்டும். தசைச் செல்லின் மேல் அதற்கென்று சின்னச் சின்ன வாயில்கள் உண்டு. கிளினிக்கில் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரை இந்த வாயில்களை அடைக்கிறது. கால்சியம் போகாவிட்டால் கயிறு இறுகாது. இதுபோக, ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்றொரு ஹார்மோன் ஓடுகிறது, அதுவும் 'இழு' என்று சொல்வதுதான். அதை உருவாக்கும் நொதியைத் தடுப்பது பெரிண்டோபிரில். இந்த வகை மாத்திரைகளுக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம். கடிபட்டவர்களின் அழுத்தம் ஏன் தடாலென்று விழுகிறது என்று தேடியபோது கிடைத்த வழி. இன்னும் நரம்புகளும் கட்டளை கொடுக்கின்றன. அப்புறம் சிறுநீரகம், உடம்பில் எவ்வளவு உப்பும் நீரும் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து அழுத்தத்தை மாற்றுகிறது.

இத்தனை கைகள் அந்தக் கயிற்றில் இருக்கின்றன. ஒரு செடியின் சாறு குழாயை விரிக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தக் கை வழியாக என்று கேட்க வேண்டும்.

செடிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

செடிகள் நம் பிரஷரை நினைத்து எதையும் தயாரிப்பதில்லை. பூச்சி தின்னாமல் இருக்க, பூஞ்சை பிடிக்காமல் இருக்க, வெயிலைத் தாங்க என்று தங்கள் பிழைப்புக்காக நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களைச் செய்துவைத்திருக்கின்றன. அவற்றில் சில, தற்செயலாக, நம் உடம்பின் பூட்டுகளுக்குச் சாவி போலப் பொருந்திவிடுகின்றன. பொருந்தும்போது அது மருந்து. அதே பொருத்தத்தால் கெடுதலும் வரலாம்.

இதற்கு நல்ல சாட்சி சர்ப்பகந்தி. அதன் வேரை நம் வைத்தியர்கள் பல தலைமுறையாகக் கையாண்டு வந்தார்கள். பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் அதை ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைத் தனியே பிரித்தார்கள். அது பிடித்த கை, நரம்பு. 'இழு' என்று சொல்ல நரம்பு நுனியில் சேர்த்துவைத்திருக்கும் பொருளை ரெசர்பின் காலி செய்துவிடுகிறது. சொல்ல ஆள் இல்லாததால் கயிறு தளர்கிறது. உலகமெங்கும் பல ஆண்டுகள் அதைக் கொடுத்தார்கள். கூடவே மூக்கடைப்பு, சோர்வு, சிலருக்கு மனச்சோர்வு என்று வந்ததால், வேறு மாத்திரைகள் கிடைத்தபின் பின்னுக்குப் போனது. நம் வேர் வேலை செய்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வேலை செய்ததால்தான் அதற்கு அளவும் பக்கவிளைவும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டுச் சமையலிலேயே ஒன்று இருக்கிறது. பீட்ரூட்டிலும் பல கீரைகளிலும் நைட்ரேட் நிறைய உண்டு. சாப்பிட்ட நைட்ரேட் ரத்தத்தில் கலந்து, சுற்றிக்கொண்டு மறுபடி எச்சிலில் வந்து சேரும். நாக்கின் பின்புறம் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதை விழுங்கினால் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்ளும். கிருமியைக் கொல்லும் வாய் கொப்பளிக்கும் மருந்தால் வாயைக் கழுவியவர்களுக்கு இந்த மாற்றம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு கீரைக்கும் ரத்தக் குழாய்க்கும் நடுவே நாக்கில் உள்ள கிருமி வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பூண்டிலும் ரோசெல் பூத் தேநீரிலும் மனிதர்களிடம் சோதனைகள் நடந்திருக்கின்றன. உயர் அழுத்தம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் இறங்குகிறது. மாத்திரையைத் தூக்கிப் போடும் அளவுக்கு இல்லை.

கண்ணாடிக் கலத்தில் ஒரு வளையம்

"ஆராய்ச்சியில் நிரூபிச்சிட்டாங்க" என்று பொட்டலத்தில் போட்டிருப்பார்கள். எந்த ஆராய்ச்சி, எதில் செய்தது? பெரும்பாலும் இதுதான்.

எலியின் பெரிய தமனியை எடுத்து, சில மில்லிமீட்டர் அகலத்துக்குச் சின்ன வளையங்களாக வெட்டுவார்கள். பச்சை மிளகாயைக் குறுக்கே வெட்டினால் வருமே, அந்த மாதிரி. வளையத்துக்குள் இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகளை விட்டு, ஒன்றைக் கீழே கட்டி, மற்றதை இழுவிசை அளக்கும் கருவியில் மாட்டுவார்கள். சுற்றிலும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், 37 டிகிரி சூடு, அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழிகள். உடம்பைவிட்டு வெளியே வந்தபின்னும் அந்த வளையம் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

முதலில் ஒரு மருந்தைப் போட்டு வளையத்தை இறுக வைப்பார்கள். திரையில் கோடு மேலே ஏறி நிற்கும். பிறகு செடியின் சாற்றைத் துளித் துளியாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். கோடு இறங்கினால் வளையம் தளர்கிறது. அடுத்து இன்னொரு வளையத்தை எடுத்து, உட்புறத்தை மெல்லத் தேய்த்து உட்படலத்தை வேண்டுமென்றே அகற்றிவிட்டு, அதே சாற்றைப் போடுவார்கள். இப்போது கோடு இறங்காவிட்டால், அந்தச் சாறு உட்படலத்தின் வழியாகத்தான் பேசுகிறது. அப்போதும் இறங்கினால், நேரே தசையிடம் பேசுகிறது, ஒருவேளை கால்சியம் வாயில் வழியாக. ஃபர்ச்காட்டின் ஆய்வுக்கூடத்தில் தவறிப்போய் நடந்தது இன்றைக்கு ஒரு சோதனை முறையாகிவிட்டது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பூனை மீசையை இப்படிச் சோதித்திருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சம்போங் ஞாவா இலையின் சாறு எலிகளின் அழுத்தத்தை இறக்குகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். நல்ல வேலை, நம் நாட்டுச் செடிகளை நாமே சோதிக்காமல் வேறு யார் சோதிப்பார்கள்?

ஆனால் அந்த வளையம் நீங்கள் இல்லை. ஒரு கணக்கு போடலாம். கலத்தில் 10 மில்லிலிட்டர் நீர், அதில் 10 மில்லிகிராம் சாற்றுத்தூள் போட்டால் வளையம் தளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். உங்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதே அடர்த்தி வர 5 கிராம் தூள் அப்படியே ரத்தத்தில் கலக்க வேண்டும். 100 கிராம் காய்ந்த இலைக்கு 10 கிராம் தூள் கிடைக்கும் என்று கொண்டால், 5 கிராமுக்கு 50 கிராம் இலை. அதுவும் வயிறு, குடல், கல்லீரல் மூன்றையும் கடந்து ஒரு துளி வீணாகாமல் வர வேண்டும். அப்படி வராது. குடலில் பாதி நின்றுவிடும், கல்லீரல் மீதியை உடைத்து உருமாற்றிவிடும். வளையத்தில் வேலை செய்த பொருள் குழாய் வரைக்கும் போய்ச் சேராமலே இருக்கலாம்.

இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் 'சாறு' என்பது எரிசாராயத்தில் ஊறவைத்து எடுத்ததாக இருக்கலாம். வீட்டில் நாம் தண்ணீரில் கொதிக்க வைக்கிறோம். தண்ணீரில் ஒரு கூட்டம் பொருள்கள் கரையும், சாராயத்தில் வேறொரு கூட்டம் கரையும். இலையின் பெயர் ஒன்றானாலும் குடிப்பது வேறு. ஒரே இலையில்கூட முதல் கொதியில் இறங்குவது ஒன்று, மூன்றாவது முறை வெந்நீர் ஊற்றினால் இறங்குவது இன்னொன்று, தேத்தண்ணி போடுகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சுருக்கமாக, வளையச் சோதனை ஒரு செடி எந்தக் கையைப் பிடிக்கிறது என்று காட்டும். உங்களுக்கு எத்தனை டம்ளர் என்று அது சொல்லாது.

பெரியம்மாவின் அதிமதுரம்

எல்லாச் செடியும் கயிற்றைத் தளர்த்தாது. எபிட்ரா என்ற செடி இறுக்கும். அதை எடைகுறைப்பு மாத்திரைகளில் சேர்த்து விற்றதை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. ஆனால் எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டி.

பெரியம்மாவுக்கு 68 வயது. பிரஷர் மாத்திரையை ஒருநாளும் மறக்காதவர். ஒருமுறை கிளினிக்கில் எடுத்தபோது 174/98 காட்டியது. எப்போதும் 140-ஐத் தாண்டாதவர். கால் அடிக்கடி பிடித்துக்கொள்கிறது, எழுந்தால் பலமே இல்லை என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் குறைவு. மாத்திரையின் அளவைக் கூட்டுவதா என்ற பேச்சு வந்தது. மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"பெரியம்மா, மாத்திரை தவிர வேற என்ன குடிக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்ல பாப்பா."

அடுப்பின் மேல் ஒரு சொம்பு இருந்தது. மூடியைத் திறந்தால் இனிப்பு வாசனை. தொண்டைக் கரகரப்புக்கு என்று ஆறு வாரமாக அதிமதுரத்தைத் தட்டிப் போட்டுக் காலையும் மாலையும் குடித்து வந்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை.

நடந்தது இதுதான். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான பொருள் கிளிசிரைசின். நம் உடம்பில் கார்ட்டிசால் என்றொரு ஹார்மோன் உண்டு. அது சிறுநீரகத்தின் ஒரு பூட்டில் தப்பாக நுழைந்துவிடாமல் ஒரு நொதி காவல் நிற்கிறது. கிளிசிரைசின் அந்தக் காவலைப் படுக்கவைத்துவிடுகிறது. கார்ட்டிசால் உள்ளே புகுந்து, 'உப்பைப் பிடித்துவை, பொட்டாசியத்தை வெளியே விடு' என்று சிறுநீரகத்துக்குத் தப்பான உத்தரவு கொடுக்கிறது. உப்போடு நீரும் தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. கால் பிடிப்பும் பலவீனமும் பொட்டாசியம் போனதால். ஐரோப்பாவில் அறிவியல் குழு ஒன்று, ஒரு நாளில் 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. வேரில் அது 5 விழுக்காடு இருப்பதாகக் கொண்டால் 2 கிராம் வேரிலேயே அந்த 100 வந்துவிடும். பெரியம்மா போட்டது ஒரு கைப்பிடி.

எப்போதாவது தொண்டைக்கு ஒரு துண்டு வாயில் போட்டு மெல்வதைப் பற்றி நான் பேசவில்லை. நாள்தோறும், வாரக்கணக்கில், பிரஷர் உள்ளவர் குடிப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

மாத்திரையும் சாறும் சேர்ந்தால்

இனி இரவுச் சந்தையில் பார்த்த அம்மாவின் பைக்கு வருவோம். சாறு உண்மையிலேயே குழாயைத் தளர்த்துகிறது என்றால், ஏற்கெனவே மாத்திரை தளர்த்திய கயிற்றை இன்னொரு கையும் தளர்த்துகிறது. உட்கார்ந்து எழும்போது தலை கிறுகிறுக்கும். வயதானவர்கள் குளியலறையில் விழுவது இப்படியும் நடக்கிறது.

பூனை மீசையில் பொட்டாசியம் அதிகம். பெரிண்டோபிரிலும் உடம்பில் பொட்டாசியத்தை நிறுத்திவைக்கும் மாத்திரை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் கூடுதலை வெளியே தள்ளிவிடும். இனிப்புநீர் (நீரிழிவு) பல வருடம் இருந்து சிறுநீரகம் பழுதானவருக்கு அப்படித் தள்ள முடியாமல் போகலாம். பொட்டாசியம் மிஞ்சினால் இதயத்துடிப்பே தடுமாறும். பெரியம்மாவுக்குக் குறைந்து தொல்லை கொடுத்த அதே பொருள், இங்கே மிஞ்சித் தொல்லை கொடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பூனை மீசையைத் தாங்களாகவே ஆரம்பிக்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன்.

இப்போது தம்புன் பக்கத்துப் பம்ளிமாஸ். அதற்கு உறவான கிரேப்புரூட் பழச்சாறு, ஃபெலோடிபின் என்ற பிரஷர் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது என்று 1989-இல் தற்செயலாகத் தெரியவந்தது. மாத்திரையை உடைக்க வேண்டிய நொதியைப் பழச்சாறு முடக்குகிறது. உடையாத மாத்திரை கூடுதலாக ரத்தத்தில் நிற்கிறது. அதைச் செய்யும் பொருள்கள் பம்ளிமாஸிலும் உண்டு. எல்லா மாத்திரையும் இப்படி மாட்டாது, அம்லோடிபின் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் பாதிக்கப்படும். உங்கள் பொட்டலத்தில் எது இருக்கிறது என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டு மாத்திரையையும் சொல்லிவிட வேண்டும். குழம்பில் போடும் பூண்டைச் சொல்லவில்லை, டப்பாவில் அடைத்து விற்கும் அடர்த்தியான சாற்றைச் சொல்கிறேன்.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியது

மலேசியாவில் சட்டப்படி விற்கும் பாரம்பரிய மருந்துப் பொட்டலத்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், கடைசியில் 'டி' என்ற எழுத்து வரும். அது பாரம்பரிய மருந்து என்பதற்கான குறி. அந்தப் பொருள் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் பதிவாகியிருக்கிறது, தயாரிப்பும் தூய்மையும் பார்க்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். பிரஷரைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. எண்ணே இல்லாத தூள்களில் ஸ்டீராய்டு போன்ற ஆங்கில மருந்துகளைக் கலந்து விற்றது பல முறை பிடிபட்டிருக்கிறது. குடித்த மறுநாளே மூட்டுவலி பறந்துவிட்டது என்றால் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். ஸ்டீராய்டும் பிரஷரை ஏற்றும்.

பெரியம்மா அதிமதுரத்தை நிறுத்தினார். மாத்திரையைக் கூட்டவில்லை. சில வாரங்களில் அழுத்தம் பழைய இடத்துக்கு இறங்கியது, கால் பிடிப்பும் நின்றது. இப்போது கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கையோடு எடுத்துப் போகிறார். வீட்டில் குடிப்பது, மெல்வது, தடவுவது எல்லாம் அதற்குள் இருக்கும். போன முறை யாருக்கும் பெயர் தெரியாத ஒரு வேர் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததாம். கவுண்டரில் இருந்த பெண் கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டு, "பேர் தெரியிற வரைக்கும் கொதிக்க வைக்காதீங்க பாட்டி" என்றாள். பெரியம்மா அந்த வேரை மட்டும் தனியாக ஒரு தாளில் மடித்து, டின் மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறார்.